காது நரம்பில் 2.8 செ.மீ. கட்டி: காது எலும்பு வழியாகவா, பின்மண்டை வழியாகவா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்கு வயது 43. வலது காது நரம்பில் கட்டி என்று எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் வெஸ்டிபுலர் ஷ்வானோமா, 2.8 செ.மீ., மூளைத்தண்டைத் தொட்டு லேசாகத் தள்ளுகிறது என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் யாருக்கும் சோறே இறங்கியது. காதில் இரைச்சல் ரொம்ப நாளாக இருந்தது, போன் வந்தால் இடது காதில்தான் வைப்பாள், நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்று சொன்னதும் ஈ.என்.டி. டாக்டர் ஸ்கேன் எழுதினார்.

இப்போது எங்கள் குழப்பம் என்னவென்றால், ஒரு நியூரோ சர்ஜன் காதுக்குப் பின்னால், பின்மண்டையில் திறந்து எடுக்கலாம் என்கிறார் (ரெட்ரோசிக்மாய்ட் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்). இன்னொரு ஊரில் ஈ.என்.டி.யும் நியூரோவும் சேர்ந்து செய்யும் டீம், காது எலும்பைக் குடைந்து அது வழியாகவே போகலாம், டிரான்ஸ்லேபிரிந்தைன் என்கிறார்கள். அதில் அந்தக் காது மொத்தமாகப் போய்விடுமாம், வயிற்றிலிருந்து கொழுப்பு எடுத்து வைப்பார்களாம், அக்கா அதைக் கேட்டதுமே முகம் வெளிறிவிட்டாள். அத்தானின் சொந்தக்காரர் ஒருவர், கத்தியே வேண்டாம், காமா நைஃப் (வெட்டாமல் கதிர் வைக்கும் சிகிச்சை) வைத்துவிட்டால் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தினமும் போன் பண்ணுகிறார்.

ஆடியோகிராமில் வலது காதில் பேச்சுப் புரிதல் 20 சதவீதம். முகம் கோணிப்போகும் என்று யாரோ சொன்னதுதான் அவளுக்குப் பெரிய பயம், பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள், தினமும் அறுபது பிள்ளைகள் முன்னால் நிற்பவள். ஒரே கட்டிக்கு ஏன் இரண்டு டாக்டர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள்? எதைப் பார்த்து முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆடியோபூத் எழுதியது:

நான் ஆடியாலஜிஸ்ட், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது என் வேலை, சர்ஜன் இல்லை. அதனால் காது சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 20 சதவீதத்தைப் பாருங்கள். பூத்துக்குள் உட்கார வைத்து, நன்றாகக் கேட்கிற அளவுக்கு ஒலியைக் கூட்டி வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வோம். பத்துச் சொல்லில் இரண்டைத்தான் உங்கள் அக்காவால் சரியாகச் சொல்ல முடிந்திருக்கிறது. சத்தம் வருகிறது, சொல் புரியவில்லை. இந்தக் கட்டி உள்ளவர்களிடம் இதுதான் அடிக்கடி பார்ப்பது, சத்தத்தின் அளவைவிடப் பேச்சுப் புரிதல் அதிகமாக அடிவாங்கியிருக்கும். ஹியரிங் எய்டு போட்டாலும் அந்தக் காதுக்குப் பெரிய பலன் வராது, குழப்பமான சத்தம் இன்னும் பெரிதாக வரும், அவ்வளவுதான்.

பயன்படும் அளவுக்குக் காது கேட்கிறது என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. சராசரி இழப்பு 50 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும், பேச்சுப் புரிதல் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் காதைக் காப்பாற்றும் வழியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம். அதிலும் கட்டி சின்னதாக, ஒன்றரை செ.மீ.க்குள் இருந்தால்தான் வாய்ப்பு நன்றாக இருக்கும். கட்டி இரண்டரையைத் தாண்டிவிட்டால், நரம்பை அறுக்காமல் எடுத்தாலும் கேட்கும் திறன் தங்குவது அபூர்வம். காரணம் நரம்பு மட்டும் இல்லை, உள்காதுக்கு ரத்தம் கொண்டு போகிற ஒரு மெல்லிய தமனி நரம்பு போகிற அதே எலும்புக் குழாய் வழியாகத்தான் போகிறது, அதற்கு மாற்றுப் பாதை கிடையாது, அது சுருங்கினாலோ அடைத்தாலோ நரம்பு முழுசாக இருந்தும் காது போய்விடும்.

ஆக "காது போய்விடும்" என்று சொல்லி ஒரு வழியை ஒதுக்கும் அளவுக்கு அந்தக் காதில் மிச்சம் இல்லை என்பதை அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இடது காது நார்மல்தானே? அப்படியென்றால் அதுதான் இனி அவருடைய காது. வகுப்பறையில் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது, பிள்ளைகளை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று இப்போதே பழகலாம். பின்னால் கிராஸ் வகை எய்டு உண்டு, கேட்காத பக்கம் மைக், அது பிடிக்கிற சத்தத்தைக் கேட்கிற காதுக்கு அனுப்பும். சிலருக்குப் பிடிக்கும், சிலர் ஒரு வாரத்தில் மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். வாங்குவதற்கு முன் டிரையல் கேளுங்கள்.

நைட்டூட்டி எழுதியது:

நியூரோ சர்ஜரி படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த இரண்டு வகை ஆபரேஷனிலும் உதவிக்கு நின்றிருக்கிறேன். உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன், எப்படி நடக்கிறது என்று மட்டும் விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் இடம். காதிலிருந்து மூளைத்தண்டுக்கு எலும்புக்குள் ஒரு குழாய் இருக்கிறது, ஏறத்தாழ 1 செ.மீ. நீளம்தான். அதற்குள் கேட்கும் நரம்பு ஒன்று, சமநிலை நரம்பு இரண்டு, முகத்தை அசைக்கும் நரம்பு ஒன்று, எல்லாம் நெருக்கியடித்துப் போகின்றன. கட்டி கிளம்புவது பெரும்பாலும் சமநிலை நரம்பின் உறையில். குழாய் நிறைந்ததும் மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள் வளர்கிறது. 2.8 என்றால் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு மூளைத்தண்டில் முட்டி நிற்கிறது என்று அர்த்தம்.

இதில் சர்ஜனுக்குத் தலைவலி முக நரம்புதான். சாதாரணமாக நல்ல கயிறு மாதிரி உருண்டையாக இருக்க வேண்டிய நரம்பு, கட்டி தள்ளத் தள்ளத் தட்டையாகி, விரிந்து, மைக்ராஸ்கோப்பிலேயே கட்டியின் தோலையும் நரம்பையும் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குப் படிந்து கிடக்கும். அதுவும் பெரும்பாலும் கட்டிக்கு முன்பக்கம், அதாவது பின்னாலிருந்து வருகிற சர்ஜனுக்கு மறுபக்கம்.

ரெட்ரோசிக்மாய்டில் காதுக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாய் ஒன்று (சிக்மாய்ட் சைனஸ்) ஓடுகிறதே, அதற்குப் பின்னால் சின்ன ஜன்னல் திறப்பார்கள். கீழே உள்ள நீர்ப்பையைத் திறந்து மூளைநீரைக் கொஞ்சம் வடிய விட்டால் சிறுமூளை தானாகவே சரிந்து வழிவிடும், அழுத்தித் தள்ள வேண்டியது குறையும். அப்புறம் கட்டி நேராகத் தெரியும். மூளைத்தண்டு, கீழே விழுங்கும் நரம்புகள், மேலே முகத்தில் உணர்ச்சி தரும் நரம்பு, எல்லாம் ஒரே பார்வையில் கிடைப்பது இதன் பலம். கட்டி எவ்வளவு பெரிதானாலும் இந்த வழியில் போகலாம், காதையும் காப்பாற்ற முயலலாம். குறை என்னவென்றால், குழாயின் பின்சுவரை டிரில் பண்ணினாலும் கடைக்கோடி மூலை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், அங்கே ஒரு துணுக்கு தங்கலாம். பின்னால் தலைவலி நீடிப்பதும் இதில்தான் கொஞ்சம் அதிகம்.

டிரான்ஸ்லேபிரிந்தைனில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையை மட்டும் திருப்பி வைப்பார்கள். காதுக்குப் பின்னால் கை வைத்தால் தட்டுப்படுகிற மேட்டு எலும்பை டிரில் பண்ணிக் குடைந்து, சமநிலைக்கான மூன்று அரைவட்டக் குழல்களையும் எடுத்துவிட்டு, குழாயை முக்கால்வாசிச் சுற்றளவுக்குத் திறந்துவிடுவார்கள். டிரில் வேலையே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், பார்க்கிறவனுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அதற்குக் கிடைக்கும் கூலி பெரிது. குழாயின் கடைக்கோடியில் செங்குத்தாக ஒரு எலும்புத் துண்டு உண்டு, அதற்கு முன்னால் இருப்பது முக நரம்பு, பின்னால் இருப்பது சமநிலை நரம்பு, இதில் மாற்றமே கிடையாது. கட்டியைத் தொடுவதற்கு முன்பே முக நரம்பு எங்கே இருக்கிறது என்று அடையாளம் தெரிந்துவிடும். சிறுமூளையைத் தொட வேண்டியதே அனேகமாக இல்லை. விலை, அந்தக் காது.

மூன்றாவது ஒன்று, மேலிருந்து காதுக்கு மேல் திறந்து போகும் மிடில் ஃபாசா. அது குழாய்க்குள்ளேயே இருக்கும் சின்னக் கட்டிக்கு, காது நன்றாக இருக்கிறவர்களுக்கு. உங்கள் அக்காவுக்குப் பொருந்தாது, விடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கட்டியை எடுக்கிற விதம் ஒன்றுதான். முழுசாக உருவி எடுப்பதில்லை. முதலில் கட்டியின் மேல் முழுக்க மின்முனையால் தொட்டுப் பார்ப்பார்கள், மேற்பரப்பில் முக நரம்பு எங்கேயும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ள. பிறகு அல்ட்ராசானிக் ஆஸ்பிரேட்டரால் உள்ளே இருக்கும் சதையை உடைத்து உறிஞ்சி, கட்டியை வெறும் கூடாக்கி, கூட்டை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்து மூளைத்தண்டிலிருந்தும் நரம்பிலிருந்தும் மெல்லப் பிரிப்பார்கள். முகத்தின் தசைகளில் கண்ணோரமும் வாயோரமும் மெல்லிய ஊசி முனைகள் குத்தியிருக்கும், நரம்பைத் தொட்டாலோ இழுத்தாலோ ஸ்பீக்கரில் 'டக் டக்' என்று சத்தம் வரும். அதற்காகவே மயக்க மருந்து டாக்டர் டியூப் போட்ட பிறகு தசை தளர்த்தும் மருந்தைத் தொடர்ந்து கொடுக்க மாட்டார், கொடுத்தால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். சத்தம் இழுத்துக்கொண்டே வந்தால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு வெதுவெதுப்பான சலைன் விட்டுக் காத்திருப்போம். ஆறு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை போகலாம், வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் நேரமாகிறதே என்று பயப்பட வேண்டாம், இதில் அவசரப்படாத சர்ஜன்தான் வேண்டும்.

வயிற்றுக் கொழுப்பு விஷயம் பயப்படவே வேண்டியதில்லை. டிரில் பண்ணிய குழியை அடைத்து மூளைநீர் கசியாமல் பார்க்கத்தான் அது. அடிவயிற்றில் ஒரு சின்ன வெட்டு, பெரும்பாலும் இடது பக்கம் போடுவார்கள், வலது பக்கம் போட்டால் பிற்காலத்தில் யாராவது அப்பெண்டிக்ஸ் தழும்பு என்று நினைத்துவிடுவார்கள்.

ஏன் இரண்டு டாக்டர் இரண்டு வழி என்றால், 2.8 செ.மீ., காது ஏற்கெனவே பழுது என்கிற நிலையில் இரண்டுமே சரியான வழிதான். நியூரோ சர்ஜன்கள் பெரும்பாலும் பின்மண்டை வழியில் கைதேர்ந்தவர்கள், ஈ.என்.டி. சேர்ந்த டீம்கள் காது எலும்பு வழியில். அவரவர் கை பழகிய வழியில் செய்வதுதான் நோயாளிக்கும் நல்லது.

பழையபேப்பர் எழுதியது:

மேலே உள்ளவர் சொன்ன "கூடாக்கி எடுப்பது" பற்றி ஒரு சின்னச் சேதி, பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் என்றால் பெரும்பாலானவர்கள் பிழைக்கவில்லை, விரலை விட்டுத் தோண்டி எடுத்த காலம் அது. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற நியூரோ சர்ஜன், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுக் கூட்டை அப்படியே விட்டுவிடலாம் என்று செய்து சாவுகளை வெகுவாகக் குறைத்தார், 1917-இல் இந்தக் கட்டிகளைப் பற்றியே தனிப் புத்தகம் போட்டார். ஆனால் விட்ட கூடு மறுபடி வளர்ந்தது. அவரிடம் வேலை கற்ற வால்டர் டேண்டி 1920களில் முழுசாக எடுத்துக் காட்டினார், இருவருக்கும் ஆகவே ஆகாது. முழுசாக எடுத்தால் முகம் போவது அப்போது கிட்டத்தட்ட எழுதி வைத்த கணக்கு.

பிறகு 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ். முதலில் பல் டாக்டர், அப்புறம் ஈ.என்.டி. ஆனவர். மைக்ராஸ்கோப்பையும் டிரில்லையும் வைத்துக் காது எலும்பு வழியாகப் போனார், ஹிட்செல்பெர்கர் என்ற நியூரோ சர்ஜனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். காது டாக்டருக்கு மூளையில் என்ன வேலை என்று அன்றைய நியூரோ ஆட்களிடம் கடுமையான எதிர்ப்பு. நைட்டூட்டி சொன்ன அந்தச் செங்குத்து எலும்பை இன்றும் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) 'பில்ஸ் பார்' என்றுதான் சொல்கிறார்கள், பில் என்பது ஹவுஸின் செல்லப் பெயர். வேடிக்கை என்னவென்றால், இப்போது பல இடங்களில் நரம்பில் ஒட்டிய துணுக்கை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். குஷிங்கின் வழி பாதி திரும்பி வந்துவிட்டது, விட்டதைக் கண்காணிக்க இப்போது எம்.ஆர்.ஐ. இருக்கிறது, அவருக்கு இல்லை.

இடதுகாது எழுதியது:

எனக்கு இதே கட்டி, வலது பக்கம், 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பின்மண்டை வழியில் எடுத்தார்கள். வருடங்கள் ஆகிவிட்டன, இப்போது வேலைக்குப் போகிறேன், பைக் ஓட்டுகிறேன், ஆள் நன்றாகவே இருக்கிறேன் என்பதை முதலில் அக்காவிடம் சொல்லுங்கள்.

முகத்தைப் பற்றிப் பயப்படுகிறார் என்றீர்களே, அதைப் பற்றியே சொல்கிறேன். கண் விழித்ததும் டாக்டர் "சிரிங்க, புருவத்தை ஏத்துங்க, கண்ணை இறுக்கி மூடுங்க" என்றார், எல்லாம் வந்தது, என் மனைவி அழுதே விட்டாள். சில நாள் கழித்துக் காலையில் வாய் கொப்பளிக்கிறேன், தண்ணீர் வலது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்குகிறது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தூங்குகிறது. எங்களிடம் இப்படியும் வரலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அந்த ஒரு நாள் பட்ட பாடு எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். டாக்டர் வந்து, இது தாமதமாக வருகிற வாதம், நரம்பு வீங்கியதால் வருவது, விழித்தபோது நன்றாக இருந்தது என்பதே நல்ல அறிகுறி, திரும்பி வரும் என்றார். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மாதக்கணக்கில் மெதுவாகத்தான் வந்தது. இப்போது போட்டோவில் சிரித்தால் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் முகத்தைவிடக் கண்தான் முக்கியம். மூடாத கண் காய்ந்துபோகும், புண் விழும். பகலில் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் ஜெல் போட்டு இமையை இழுத்து டேப் ஒட்டிவிட வேண்டும். டேப்பை மேலிருந்து கீழாக நேராக ஒட்டினால் தூக்கத்தில் பிரிந்து பஞ்சோ டேப்போ விழியிலேயே உரசும், குறுக்காக, சற்றுச் சாய்வாக ஒட்ட வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர்தான் காட்டிக்கொடுத்தார். ஃபேன் காற்று முகத்துக்கு நேராக வரக் கூடாது, பைக்கில் கண்ணாடி இல்லாமல் போகவே கூடாது. பெரிய கட்டிகளில் கண்ணின் உணர்ச்சி நரம்பும் மரத்திருக்கும், அப்போது தூசி விழுந்தாலும் தெரியாது, அது இரட்டை ஆபத்து. ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கண் டாக்டரைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு முக நரம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய துணுக்கை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் படித்தபோது, இவ்வளவு செலவு பண்ணியும் முழுசாக எடுக்கவில்லையா என்று கோபம் வந்தது. அப்புறம் புரிந்தது, அதைச் சுரண்டியிருந்தால் முகம் நிரந்தரமாகப் போயிருக்கும். வருடா வருடம் ஸ்கேன், பிறகு துணுக்கு கொஞ்சம் வளர்கிற மாதிரி தெரிந்ததும் காமா நைஃப் வைத்தார்கள், அதற்கப்புறம் அசையாமல் இருக்கிறது. அதனால் உங்கள் டாக்டரிடம் "முழுசாக எடுத்துவிடுவீர்களா" என்று கேட்காதீர்கள், கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நரம்பில் ஒட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

கோவைராஜா எழுதியது:

எல்லோரும் கத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தச் சொந்தக்காரர் சொன்னதில் என்ன தப்பு? என் மாமியாருக்கு காமா நைஃப்தான், பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில். காலையில் தலையில் ஃபிரேம் மாட்டினார்கள், கதிர் வைத்தார்கள், சாயங்காலம் இட்லி சாப்பிட்டார். முகமும் கோணவில்லை, ஒன்றும் இல்லை. சும்மா மண்டையைத் திறக்க வேண்டுமா?

நைட்டூட்டி எழுதியது:

ராஜா அண்ணா, உங்கள் மாமியாருக்குக் கட்டி எவ்வளவு பெரிது? ஒன்றரை, இரண்டு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அளவில் காமா நைஃப் அருமையான வழி, நானே பரிந்துரைப்பேன். வயதானவர்களுக்குச் சின்னக் கட்டி என்றால் எதுவுமே செய்யாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் வழிதான், பல கட்டிகள் வருடக்கணக்கில் வளராமல் அப்படியே கிடக்கும், வளர்ந்தாலும் சராசரியாக வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்.

ஆனால் கதிர் வைத்தால் கட்டி காணாமல் போவதில்லை, வளர்ச்சி நிற்கும், அதுதான் நோக்கம். வழக்கமாக 12, 13 கிரே (கதிரை அளக்கும் அலகு) வைப்பார்கள். வைத்த முதல் ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் கட்டி தற்காலிகமாக வீங்கிவிட்டுப் பிறகு அடங்குவது சாதாரணம். சின்னக் கட்டி வீங்கினால் பரவாயில்லை, ஏற்கெனவே மூளைத்தண்டை முட்டிக்கொண்டிருக்கும் 2.8 வீங்கினால் மூளைநீர் போகும் வழி அடைக்கலாம். அதனால்தான் இரண்டரை மூன்று செ.மீ. என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். வைகைக்கரையின் அக்கா அந்த எல்லையில் நிற்கிறார், இங்கே சில சென்டர்களில் கதிருக்கும் ஒத்துக்கொள்ளலாம், மூளைத்தண்டு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 43 வயது என்பதையும் பாருங்கள், இன்னும் முப்பது நாற்பது வருடம் இருக்கிறது. கதிர் வைத்தபின் வளர்ந்து ஆபரேஷன் தேவைப்பட்டால் நரம்போடு கட்டி ஒட்டிப் பிசைந்து கிடக்கும், பிரிப்பது இன்னும் கஷ்டம்.

அப்புறம், இரண்டு பக்கமும் கட்டி இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் இருந்தால் அது என்.எஃப்.2 என்ற பரம்பரைக் கோளாறு, கணக்கே வேறு, அங்கே கேட்கிற காதைத் தொடுவதற்குப் பத்து முறை யோசிப்பார்கள். உங்கள் அக்காவுக்கு ஒரு பக்கம்தான் என்றால் பிள்ளைகளுக்கு வருமோ என்ற பயம் வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு பக்கம்தான், இடது பக்கம் நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள். மூளைநீர் தேங்கவில்லை, கண் நரம்பில் வீக்கமும் இல்லை என்று கண் டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

இடதுகாது அண்ணன் சொன்ன கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்டோம். நியூரோ சர்ஜன், "ஒட்டியிருந்தால் விட்டுவிடுவேன், முகத்துக்காக" என்றார், முக நரம்பு மானிட்டர் உண்டா என்றதற்கு வெளியிலிருந்து டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும் என்றார். டீமில் உள்ளவர்களும் விட்டுவிடுவோம் என்றுதான் சொன்னார்கள், மானிட்டர் அவர்களிடமே இருக்கிறது, இந்தக் கட்டியே மாதம் தவறாமல் செய்கிறார்களாம், அவர்கள் ஆபரேஷன் செய்த ஒரு அம்மாவை அக்காவோடு போனில் பேச வைத்தார்கள். அக்கா அரைமணி நேரம் பேசினாள், இடது காதில்தான். டீம் பக்கமே சாய்ந்துவிட்டோம், காப்பீட்டு அட்டையை அவர்கள் ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்கிறார்கள், அனுமதிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கண்டால் உடனே ஓட வேண்டும்? அப்புறம் அக்கா கேட்கச் சொன்னது, சிரிக்காதீர்கள், மொட்டை அடிப்பார்களா?

இடதுகாது எழுதியது:

சிரிக்கவில்லை, நானும் அதைத்தான் முதலில் கேட்டேன், எனக்கு அப்போது தலையில் முடி இருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு பட்டை அளவுக்கு மட்டும் எடுப்பார்கள். பெண்களுக்கு மேலே உள்ள கூந்தலை இறக்கிவிட்டால் தெரியவே தெரியாது. முதல் நாளே தலைக்குக் குளித்துவிடச் சொல்லுங்கள், அப்புறம் கொஞ்ச நாள் தலைக்கு ஊற்ற விட மாட்டார்கள்.

தலைசுற்றல் முதல் சில நாள் இருக்கும், படுக்கையைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், வாந்தியும் வரும். ஆனால் கட்டி அந்தச் சமநிலை நரம்பை ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கும், மூளை பாதி பழகியிருக்கும், அதனால் சீக்கிரம் எழுந்துவிடுவார். எழுந்ததும் படுக்கவே கூடாது, நடக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது, ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவது என்று பயிற்சி தருவார், எரிச்சலாக இருக்கும், செய்துதான் ஆக வேண்டும். இருட்டில், மேடு பள்ளத்தில் மட்டும் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் தள்ளும், மொபைல் டார்ச் இல்லாமல் போக மாட்டேன்.

நைட்டூட்டி எழுதியது:

ஓட வேண்டிய அறிகுறியில் முதலாவது மூக்கு. மூளைநீர் கசிவு இந்த ஆபரேஷன்களில் பத்தில் ஒருவர் வரை வரக்கூடியது, எந்த வழியில் செய்தாலும். காயத்தில் மட்டும் கசியும் என்று நினைக்க வேண்டாம், எலும்பின் காற்றறைகள் வழியாக நடுக்காதுக்கு வந்து, அங்கிருந்து தொண்டைக்கும் மூக்குக்கும் இறங்கும். குனிந்து செருப்பு மாட்டும்போது ஒரு மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினால், அல்லது படுத்தால் தொண்டையில் உப்பாக ஏதோ இறங்குகிறது என்றால், சளி என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. விட்டால் மூளைக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கழுத்து பிடித்து வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்றாலோ, மயக்கமாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, இரவு என்றும் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். கசிவு வந்தால் பெரும்பாலும் இடுப்பில் சின்ன டியூப் போட்டுச் சில நாள் நீரை வடிய விட்டாலே அடங்கும், சிலருக்கு மறுபடி ஓ.டி.க்குப் போய் அடைக்க வேண்டி வரும்.

முதல் சில வாரம் மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வரக் கூடாது, முக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், அதற்கும் மருந்து எழுதியிருப்பார்கள், இது எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள். குடத்தைத் தூக்குவது, கட்டிலை நகர்த்துவது எல்லாம் அத்தான் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று, பின்னால் எடுக்கும் ஸ்கேனுக்கு எந்த ஊரில் போனாலும் ஆபரேஷன் சம்மரியைக் கையில் கொண்டு போங்கள். அடைத்து வைத்த வயிற்றுக் கொழுப்பு எம்.ஆர்.ஐ.யில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், விவரம் தெரியாத இடத்தில் கட்டி மிச்சமிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கொழுப்பை அமுக்கிவிட்டு எடுக்கும் படமும் வேண்டும் என்று சீட்டிலேயே டாக்டரை எழுதச் சொல்லிவிடுங்கள்.